மந்த காலமும் முதலாளியின் மௌனமும்

வியாபாரம் படுத்துவிட்ட காலத்தில் ஒரு கம்பெனி தன் ஆட்களிடம் என்ன சொல்லவேண்டும் என்பதைவிட, எப்பொழுது சொல்லவேண்டும் என்பதே பெரிய கேள்வியென்று நாம் கருதுகிறோம்.

நஷ்டம் வந்தால் ஆட்குறைப்பும் நேரும். அதையே குற்றமென்று நாம் சொல்லவரவில்லை. 1932ஆம் ஆண்டில் லண்டன் சந்தையில் ஒரு றாத்தல் ரப்பர் இரண்டு பென்சுக்கும் கீழே போயிற்று. அந்த மந்த காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் ஆயிரமாயிரமாய்க் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். ரப்பர் விலை பத்திரிகைகளில் தவறாது அச்சாகிக்கொண்டுதான் இருந்தது. துரைமார் வாசித்தனர், பங்குதாரர் வாசித்தனர். பால் வெட்டியவர்களில் எத்தனை பேர் அதை வாசிக்கக்கூடியவராயிருந்தனர்?

இன்று நமக்கு வாசிக்கத் தெரியும். ஆனால் அறிக்கையின் சொற்களே இருண்டுவிட்டன. 'மறுசீரமைப்பு' என்கிறார்கள்; 'மனிதவளத்தைச் சீராக்குதல்' என்கிறார்கள். யாருக்கு வேலை போகிறது, என்றைக்குப் போகிறது என்ற இரண்டைத் தவிர மற்றெல்லாம் அதில் இருக்கும்!

இங்கிலாந்தின் 'பி அண்ட் ஓ ஃபெர்ரிஸ்' என்னும் கப்பல் கம்பெனி 2022 மார்ச் 17 அன்று சுமார் 800 பேரை நீக்கியது. முன்னதாகப் பதிவுசெய்து வைத்த காணொளியே அவர்களிற் பலருக்குக் கிடைத்த செய்தி. தொழிற்சங்கங்களைக் கலந்து பேசச் சட்டம் கட்டளையிடுவது தெரிந்தே அவ்வாறு செய்ததாக, அதன் தலைமை நிர்வாகி ஒரு வாரத்திற்குப் பின் நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார்.

2020 மே மாதத்தில் 'ஏர்பிஎன்பி' கம்பெனி 7,500 பேரில் சுமார் 1,900 பேரை நீக்கியபோது, அதன் தலைவர் எழுதிய கடிதத்தில் எண்ணிக்கையும், வருமானம் முந்திய ஆண்டில் பாதிக்கும் குறையும் என்ற மதிப்பீடும், ஈட்டுத்தொகைக் கணக்கும் வெளிப்படையாக இருந்தன. கையில் பணமுள்ளவன் நல்ல கடிதம் எழுதுவது பெரிதன்று என்பார் உண்டு. இருக்கட்டும், மறைக்காமல் எழுதுவதற்குப் பணம் எதற்கு?

முன்கூட்டிச் சொன்னால் கடன்காரர் நெருக்குவர், கெட்டிக்காரர் ஓடிவிடுவர், பிழைக்கவேண்டிய கம்பெனியும் மூழ்கும் என்பது நிர்வாகிகளின் சமாதானம். இது வெறும் சாக்கன்று. சிறு கடை நடத்தியவருக்கும் இதன் உண்மை தெரியும். ஆனால் அந்த மௌனத்திற்கு விலை கொடுப்பவன் யார்? நிர்வாகம் வாய்மூடியிருக்கும் மூன்று மாதத்தில் தொழிலாளி தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுக்கிறான். மகளின் கலியாணத்திற்கு முன்பணம் கட்டுகிறான். தேடிவந்த வேறு வேலையை வேண்டாமென்கிறான். தெரிந்திருந்தால் இவற்றில் ஒன்றையும் செய்திருக்கமாட்டான். அவன் சம்மதம் கேளாமலே அவன் தலையில் கம்பெனியின் கடன் ஏற்றப்படுகிறது. கம்பெனி பிழைத்துக்கொண்டாலும் லாபத்தில் அவனுக்குப் பங்கில்லை. நிச்சயமில்லாத நிலையிருந்தால், நிச்சயமில்லை என்றாவது அவனிடம் சொல்லலாமே!

மலேசியச் சட்டம் 5 ஆண்டும் அதற்கு மேலும் உழைத்தவருக்கு ஆட்குறைப்பின்போது 8 வார முன்னறிவிப்புக் கேட்கிறது. அதற்கு ஈடான சம்பளத்தைக் கையில் கொடுத்து அன்றே அனுப்பிவிடவும் அது வழி வைத்திருக்கிறது. தோட்டத்து வீட்டில் குடியிருப்பவனுக்கு வேலை போனால் வீடும் போகும். எட்டு வாரச் சம்பளத்தை வெள்ளியாக எண்ணிக் கொடுத்துவிடலாம். பிள்ளைக்கு நடுவருஷத்தில் பள்ளி தேடவும், வயதான தாயைக் குடிவைக்க ஓரிடம் பார்க்கவும் அவனுக்கு வேண்டியிருந்த அந்த எட்டு வாரத்தை எதில் எண்ணிக் கொடுப்பார்கள்?