தலைவர் நாற்காலியைக் கேள், தங்கச்சி!

விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்பவள் நீ. அட்டைக்கடியோடு மலையேறிக் கொழுந்து பறிப்பவள் நீ. மாதாமாதம் சம்பளத்தில் சங்கத்துக்குச் சந்தா கழிபடுவது உனக்கும்தான். தேர்தல் வந்தால் மட்டும் உனக்கு என்ன வேலை? தலைவருக்கு ஆரத்தி எடுப்பது!

1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவை உலகின் முதல் பெண் பிரதமராக்கிய நாடு இது. இங்கே மலையகத் தமிழ்ப் பெண் பாராளுமன்றம் போக 2024 நவம்பர் வரை ஆனது. நுவரெலியாவில் கிருஷ்ணன் கலைச்செல்வி, பதுளையில் அம்பிகா சாமுவேல். இருவரும் வென்றது தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில். தலைமுறை தலைமுறையாக உன் சந்தாவில் வளர்ந்த சங்கக் கட்சிகளின் பட்டியலில் அல்ல!

ஏன் இந்தச் சுணக்கம்? உனக்குத் திறமை இல்லையா? யார் சொன்னது! இங்கே கட்சி பிறந்ததே சங்கத்திலிருந்து. தோட்டத் தலைவர், மாவட்டத் தலைவர், பிறகு வேட்பாளர். ஏணி அப்படித்தான் போகிறது. முதல் படியிலேயே உன்னை மாதர் சங்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். உச்சியிலோ வாரிசு. 2020இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் மறைந்ததும் அதன் பொதுச் செயலாளர் பதவி மகன் ஜீவனுக்குப் போனது. நடுவில் விருப்பு வாக்குப் போட்டி. அதற்குப் பணம் வேண்டும், இரவுபகலாக அலைய வேண்டும். உனக்கோ மலையிறங்கினால் அடுப்படி.

சட்டம் வந்தும் பாதி வழிதான். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் என்ற விதி 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வட்டாரத்தில் நேரடியாக நிறுத்த 10 சதவீதப் பெண்கள் போதும். மேலதிகப் பட்டியலில்தான் பாதி. வெல்லும் வட்டாரம் ஆணுக்கு, பட்டியல் உனக்கு!

நீ யார் வழி வந்தவள் என்று நினைத்துப் பார். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி நடேசய்யரோடு தோட்டம் தோட்டமாகப் போய், பாட்டாலேயே தொழிலாளரைத் தட்டியெழுப்பிய மீனாட்சி அம்மாளின் வழி. ஒரே மலையில் வேலை செய்தும் ஆணைவிடக் குறைந்த சம்பளம் என்ற அநியாயத்தை 1984 வேலைநிறுத்தத்தில் உடைத்தவர்களின் வழி. அந்தச் சம சம்பளத்தை யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை. கேட்டார்கள், வேலையை நிறுத்தினார்கள், வாங்கினார்கள்!

அதனால் கொழும்பு கூப்பிடும் என்று காத்திராதே. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து நில். மாதர் தலைவி பதவி போதாது, தோட்டத் தலைவர் பதவிக்கே நிற்கிறேன் என்று சொல். பக்கத்து லயத்து அக்காவை முன்மொழியச் சொல், பத்துப் பெண்களைக் கை தூக்கச் சொல். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மறுத்தால், சந்தாவை எந்தச் சங்கத்துக்குக் கொடுப்பது என்பது உன் கையெழுத்தில் இருப்பதை நினைவூட்டு. சந்தாப் படிவத்தில் செல்லும் அந்தக் கையெழுத்து, வேட்புமனுவிலும் செல்லும். போடு, தங்கச்சி!