பத்தியமும் விரதமும்

உடம்புக்காக ஒன்றை விட்டால் அது விரதம் ஆகுமா? "டாக்டர் சொல்லி விட்டா அது பத்தியம். ஆத்தாளுக்குன்னு விட்டாத்தான் விரதம்" என்பது என் மதினியின் கட்சி. ஆடிக் கடைசி வெள்ளிக்கு சாத்தூரிலிருந்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே போகிறவள். விரத நாட்களில் கவுச்சி தொடமாட்டாள். வெயில் ஏறினால் மட்டும் வழியில் ஒரு கலர், அதாவது இனிப்புச் சோடா, குடிப்பாள். அதை யாரும் விலக்கச் சொல்லவில்லையே என்பாள்.

எங்கள் பக்கத்தில் கலர் வேற்றூர்ச் சரக்கு இல்லை. காளிமார்க் சோடா கம்பெனி 1916-இல் தொடங்கியதே விருதுநகரில்தான். விருந்தாளி வந்தால் கடைக்கு ஆள் ஓடும். வேண்டாமென்றால் கொடுத்தவர் முகம் சுண்டும்.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. 300 மில்லி கலரில் ஏறக்குறைய 30 கிராம் சீனி. இப்படிச் சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் நின்றால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன கணக்கு. சர்க்கரை வருஷக்கணக்கில் கட்டுக்கு அடங்காவிட்டால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெட்டு, வலியே காட்டாமல் பார்வை மங்கும்.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில் இருக்கிற இருக்கன்குடி ஆத்தாளிடம் கண்ணுக்காக வேண்டிக்கொண்டு எத்தனை பேர் வருகிறார்கள்! அம்மை, கண்நோய், பிள்ளை வரம் என்று அவள் முன் நாம் கொண்டுபோவதெல்லாம் உடம்பு வழக்குதான். மோட்சம் கேட்டு அக்கினிச்சட்டி எடுத்த எவரையும் நான் கண்டதில்லை. அவளுக்கு உடம்பு அற்பமில்லை என்றால், அதைக் காப்பது மட்டும் பக்தியில் சேராதா?

மதினி பேச்சிலும் நியாயம் உண்டு. பத்தியம் பயத்தில் நிற்பது. சோதனையில் அளவு இறங்கியதும் கை கலருக்கு நீளும். விரதம் வாக்கில் நிற்பது. அதனால் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துக் கலரை விட்டேன். "பானகம் குடிக்கலாமே, பிரசாதம்தானே?" என்றாள். வெல்லமும் சீனிதான், பிரசாதம் என்று ரத்தம் சலுகை தராது. உள்ளங்கையில் ஒரு சொட்டு பக்திக்குப் போதும், தாகத்துக்கு நீர்மோர் இருக்கிறது.

ஒன்று கவனித்தேன். "சர்க்கரை இருக்கு" என்றால் "ஒரு நாள் குடிச்சா என்ன?" என்று வற்புறுத்துகிறவர்கள், "ஆத்தாளுக்கு விட்டிருக்கேன்" என்றால் மறுபேச்சில்லாமல் செம்பில் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். பத்தியத்தை நான் ஒருத்தியாகத்தான் காக்க வேண்டும். விரதத்தை ஊரும் சேர்ந்து காக்கிறது.