ஸ்டாக்னேஷன் இன்கிரிமெண்ட்

சித்தி மகன் வங்கி கிளர்க் தேர்வில் தேறிவிட்டு ஃபோன் செய்தான். "அண்ணா, சேந்துரலாமா? இல்ல இன்னும் ஒரு வருஷம் உக்காந்து பி.ஓ.வுக்குப் படிக்கவா?"

ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வரிசையாகச் சொன்னேன். முதலில் சேர்ந்துவிடு. ஜே.ஏ.ஐ.ஐ.பி. எழுது, அடுத்து சி.ஏ.ஐ.ஐ.பி. தேறினால் கூடுதல் இன்கிரிமெண்ட் உண்டு. சில வருடங்களில் உள் தேர்வு எழுதி ஸ்கேல் ஒன் ஆஃபீசர் ஆகிவிடலாம். அங்கிருந்து ஸ்கேல் ஏழு வரை ஏணி இருக்கிறது.

ஃபோனை வைத்ததும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா சொன்னாள்: "அந்த வேலைய எப்படிச் செய்யணும்னு ஒரு வார்த்த சொல்லலியே. அதுலேர்ந்து எப்படி வெளிய வர்றதுன்னுதான் சொல்லிக்கொடுத்த."

அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சிறிய ஊரில், அரசுடைமை வங்கி ஒன்றில் 36 வருடம் கிளர்க்காக இருந்து ஓய்வு பெற்றவள். இரண்டு முறை ப்ரமோஷன் வந்தது, இரண்டு முறையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். ஆஃபீசர் ஆனால் இந்தியாவில் எங்கு வேண்டுமானாலும் மாற்றுவார்கள். கிளர்க்குக்குப் பெரும்பாலும் சொந்த மாநிலம்தான், அந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதே விதி. நான் இன்ஜினியரிங் படித்தபோது நண்பர்கள் கேட்டால் "அம்மா பேங்க்ல இருக்காங்க" என்பேன். என்ன பதவி என்று சொல்ல மாட்டேன்.

வங்கிச் சம்பள ஒப்பந்தங்களில் ஒரு சொல் உண்டு: ஸ்டாக்னேஷன் இன்கிரிமெண்ட். சம்பள அளவின் உச்சத்தைத் தொட்டுவிட்ட ஊழியருக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் உயர்வு. சலுகையாக நல்லதுதான், போராடி வாங்கியதுதான். ஆனால் அந்தப் பெயரைப் பாருங்கள். ஒரே வேலையை நீண்ட காலம் செய்து கைதேர்ந்த ஒருவரை நிர்வாக மொழி 'தேங்கிவிட்டவர்' என்கிறது.

அந்தத் தேக்கத்தில் என்ன இருந்தது என்பதற்கு நான் பார்த்த ஒரு காட்சி. பள்ளி விடுமுறையில் அம்மாவின் கிளைக்குப் போயிருந்தேன். வயதான பாட்டி ஒருவர் ஃபிக்ஸட் டெபாசிட்டை முதிர்வுக்கு முன்பே உடைக்க வந்திருந்தார். கூட வந்த ஆள்தான் பேசிக்கொண்டிருந்தார். ரசீது சரி, கையெழுத்தும் சரி. அம்மா அந்த ஆளிடம், "இதுக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும், எதுத்த கடைல எடுத்துட்டு வந்துருங்க" என்று அனுப்பிவிட்டு, பாட்டியிடம் மெதுவாகக் கேட்டாள்: "ஆத்தா, ஒங்களுக்குத்தான் வேணுமா பணம்?" பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தலையை ஆட்டினார், இல்லை என்று. அன்று அந்த டெபாசிட் உடையவில்லை.

இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் பேங்கிங் அண்ட் ஃபைனான்ஸ் 1928இல் தொடங்கப்பட்டது. வங்கி ஊழியர்களுக்கான அந்தத் தேர்வுகளை நடத்துவது அதுதான். 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், கணக்கியல், கடன் விதிகள் எல்லாம் அதில் உண்டு. அவை அவசியம், அம்மாவும் படித்தவள்தான். ஜெராக்ஸ் எடுக்க யாரை, எப்போது அனுப்ப வேண்டும் என்பதற்குத் தாள் கிடையாது. அது பக்கத்து ஸீட்டில் இருக்கும் மூத்தவரைப் பார்த்து வருவது. அந்த மூத்தவர் அங்கேயே இருந்தால்தான் வரும்.

மெக்கின்டயர் என்ற தத்துவவாதி 1981இல் வெளியான 'ஆஃப்டர் வெர்ச்யூ' நூலில் ஓர் உதாரணம் தருகிறார். மிட்டாய் தருவதாகச் சொல்லி ஒரு குழந்தையைச் சதுரங்கம் ஆட வைக்கிறோம். மிட்டாய்க்காக மட்டும் ஆடும்வரை ஏமாற்றி ஜெயிக்காமல் இருக்க அதற்குக் காரணமே இல்லை. ஆட்டத்துக்குள்ளேயே கிடைக்கிற ஒன்று பிடிபடும்போதுதான் ஏமாற்றுவது தன்னையே தோற்கடிப்பது என்று தெரிகிறது. நான் தம்பிக்குச் சொன்னது முழுக்க மிட்டாய்க் கணக்கு.

ஆனால் இதையே மறுபக்கமும் நீட்ட வேண்டும், இல்லையென்றால் நான் பொய் சொல்கிறேன். ஏணி கெட்டது என்று சொல்லும் உரிமை மேலே நிற்பவனுக்கு இல்லை. 1969இல் 14 வங்கிகள் அரசுடைமை ஆன பின் சிறிய ஊர்களுக்கெல்லாம் கிளைகள் வந்தன. எத்தனையோ குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம் அப்படித்தான் நுழைந்தது. மும்பையில் ஸ்டேட் பாங்க் கிளையில் துப்புரவுப் பணியாளராகத் தொடங்கி, கிளர்க்காகி, உதவிப் பொது மேலாளர் வரை உயர்ந்தார் பிரதீக்ஷா தோண்ட்வால்கர். அவரிடம் போய் "கவுன்ட்டரின் அழகு" பற்றிப் பேசினால் சிரிப்பார். அம்மாவும் வேலையின் மேல் இருந்த காதலால் மறுத்தாள் என்று எழுதுவது எனக்கு வசதி. அப்பாவுக்கு மாற்றல் இல்லாத வேலை, படுக்கையில் பாட்டி, பள்ளியில் நான். அவள் விட்டுக்கொடுத்ததில் நான் படித்தேன்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மென்பொருள் துறையில் மேனேஜர் ஆகாமலேயே மேலே போகலாம். இரண்டு வருடம் முன் என்னை மேனேஜராக்கக் கேட்டார்கள். "எனக்குக் கோடு எழுதத்தான் பிடிக்கும்" என்றேன். பாராட்டினார்கள், ஸ்டாஃப் இன்ஜினியர் என்று பதவி தந்து சம்பளத்தையும் கூட்டினார்கள். அம்மா சொன்னதும் அதே வாக்கியம்தான். அவளுக்குக் கிடைத்த பெயர், முன்னேற ஆசையில்லாதவள். கிளர்க்குகளிலும் ஹெட் கேஷியர், ஸ்பெஷல் அசிஸ்டென்ட் உண்டு, சிறிய படி கிடைக்கும். அவ்வளவுதான் பக்கவாட்டுப் பாதை.

இன்னொன்றும் உண்டு. முன்பு ஒரு வங்கிச் செயலியில் வேலை பார்த்தேன். டெபாசிட்டை முன்கூட்டியே முடிக்க ஏழு திரைகள் இருந்தன. மூன்றாகக் குறைத்தோம். கைதட்டினார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களிடமிருந்து முதியவர்களை வங்கி ஊழியர்கள் தடுத்துக் காப்பாற்றிய செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் அந்த நாலு திரைகள் ஞாபகம் வருகின்றன. ஜெராக்ஸுக்கு அனுப்ப அங்கே யாரும் இல்லை.

இப்போது கிளர்க் என்ற பெயரும் போய்விட்டது. கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட் என்கிறார்கள். ஸ்டேட் பாங்கில் ஜூனியர் அசோசியேட், அடைப்புக்குறிக்குள் வாடிக்கையாளர் உதவியோடு விற்பனையும் சேர்ந்திருக்கிறது. பெயரை மாற்றத் தெரிந்தவர்களால், கவுன்ட்டரில் இருந்துகொண்டே மதிப்போடும் சம்பளத்தோடும் மூத்தவராக ஒரு வழியையும் போட முடியும். போக விரும்புபவர் போகட்டும். இருப்பவரைத் தேங்கியவர் என்று சொல்லாத ஒரு பாதை வேண்டும்.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன், "வேணாம்னு எழுதிக் கொடுத்தப்ப வருத்தமா இருந்துச்சா?"

"மொத தடவ இருந்துச்சு. ரெண்டாவது தடவ இல்ல."

ஏன் என்று கேட்பதற்குள் தம்பி மறுபடியும் அழைத்தான். இந்த முறை ஃபோனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"சேரு கண்ணா. மேல போறதப் பத்தி அண்ணன் சொல்லுவான். நீ சேந்ததும் அந்தக் கிளைல ரொம்ப வருஷமா இருக்கிறது யாருன்னு பாரு. ஒரு மூணு மாசம் அவங்க பக்கத்துல உக்காரு. பெரிம்மா சொல்றேன்."

அவன் "சரி பெரிம்மா" என்றான். பிறகு கேட்டான், "பி.ஓ.வுக்கும் படிக்கலாம்ல?"

"படிடா. யாரு வேணாம்னா?"