கண்ணாடித் தொட்டியும் கட்டுதலும்

ஏரியும் காடும் அமைந்தமையால் ஏற்காடு எனப் பெயர் பெற்றது இம்மலையூர் என்பர். அவ்வேரியையும் காட்டையும் சுருக்கி, இரண்டடிக் கண்ணாடித் தொட்டிக்குள் அடக்கி, வரவேற்பறையில் வைக்கும் வழக்கம் இன்று சேர்வராயன் மலையிலும், சமவெளியில் நம்மவர் இல்லங்களிலும் காணப்படுகிறது. அடியில் மணல், இடையில் நீர்ச்செடிகள், அவற்றினூடே வண்ண மீன்கள். "கொல்லவில்லை, தின்னவில்லை, வேளை தவறாது இரை இடுகிறோம். இதில் இம்சை ஏது?" என வினவுவோர் உளர். நேர்மையான வினா இது. நாமும் நேர்மையாக ஆராய்வோம்.

தொட்டியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகிறது. ஆற்றில் அது பெருநீரில் கலந்து நீர்த்துப்போகும், தொட்டியிலோ தங்கிவிடும். கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களுள் ஒருவகை அதனை நைட்ரைட்டாகவும், மற்றொருவகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடிகள் உரமாக ஏற்கின்றன. புதுத் தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் நிலைபெற ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். தொட்டியையும் மீனையும் ஒரே நாளில் வாங்கி வருவோர், சில நாட்களில் மீன் மடியக் கண்டு, "நமக்கு மீன் ராசியில்லை" என்கின்றனர். ராசியன்று, அறியாமையே காரணம்.

ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்கு, ஹைட்ரில்லாச் செடியை நீரில் புனலால் மூடி வெயிலில் வைத்து, பிராணவாயுக் குமிழி எழுவதைப் பலமுறை காட்டியுள்ளோம். அச்செடியே இருளில் பிராணவாயுவை உட்கொள்ளும். ஆதலின் நெருக்கமான தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து தவிக்கும். வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்றுதல், குழாய் நீரின் குளோரின் நீங்கியபின் ஊற்றுதல், வடிகட்டிப் பஞ்சைத் தொட்டி நீரிலேயே அலசி நுண்ணுயிர்களைக் காத்தல் ஆகியன இன்றியமையாதவை. சுமார் 1,500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் மார்கழி இரவில் நாம் கம்பளி போர்த்துகிறோம். 24 பாகைக்குக் குறையாத வெப்பம் வேண்டும் ஃபைட்டர் மீனோ செயலிழந்து அடியில் கிடக்கும்.

மீன் ஐயறிவுயிர் என்பது நம் ஆன்றோர் கொள்கை. டிரவுட் மீனின் தலையில் நோவை உணரும் நரம்பு முனைகள் இருப்பதைப் பிரிட்டன் ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்டனர். 2005-இல் ரோம் நகரம் வட்டக் கண்ணாடிக் குடுவையில் மீன் வளர்த்தலைத் தடை செய்தது. நமக்கோ தத்துவார்த்த சூத்திரம், இல்லறத்தாரின் கொல்லாமை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை முன்னரே கூறியுள்ளது. அவை கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன. ஐந்தனுள் முதலில் நிற்பது கட்டுதல். பத்தாண்டுக்கு மேலும் வாழவல்ல தங்கமீனைக் குடுவையில் அடைத்தல் கட்டுதலன்றி வேறென்ன? வீட்டைப் பூட்டிக்கொண்டு பத்து நாள் யாத்திரை செல்லுங்கால் ஐந்தாவதும் நேரக்கூடும்.

இரையிலும் சிக்கல் உண்டு. கடையில் விற்கும் இரைகள் பலவற்றில் மீன்தூள் கலந்துள்ளது. சிலர் உயிருள்ள டியூபிஃபெக்ஸ் புழுவை இடுகின்றனர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினையே எனில், நம் கண்ணின் மகிழ்ச்சிக்காக ஓர் உயிரை வாங்கி, அதன்பொருட்டு ஈரறிவுயிர் பலவற்றை மாய்த்தல் எவ்வாறு தகும்?

அங்ஙனமாயின் எதனையும் வளர்த்தலே பிழையோ எனில், அன்று. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம் 1963 முதல் உள்ளது. காட்டில் அருகிவரும் செடிகள் அழியாதிருக்க அங்கே பேணப்படுகின்றன. கைவிடப்பட்ட பசுவைக் காப்பதும் அத்தகையதே. யார் பொருட்டு வைத்திருக்கிறோம் என்பதே உரைகல். அவ்வுயிரின் பொருட்டாயின் தயை. நம் அறையின் அழகுக்காயின் பற்று.

இவ்வாறு கூறக் கேட்டு, இருக்கும் மீன்களை ஏரியில் விட்டுவிட்டால் புண்ணியம் என எவரும் எண்ணற்க. குளிர்நீரில் அவை மடியலாம். பிழைத்தாலோ பிற உயிர்களுக்குக் கேடாகலாம். டேங்க் கிளீனர் என விற்கப்படும் தென்னமெரிக்க மீன், இவ்வாறு தமிழக நீர்நிலைகளில் புகுந்து, அங்குள்ள மீன்களின் வாழ்வைக் கெடுக்கிறது. அழகுக்காகக் கொணரப்பட்ட ஆகாயத்தாமரை எத்தனை ஏரிகளை மூடிவிட்டது என்பதை அறியாதார் யார்? தொட்டிச் செடியையும் ஏரியில் எறிதல் ஆகாது.

ஆதலின், புதிதாக மீன் வாங்காதிருப்போம். முன்னரே வாங்கியோர், அவை தம் ஆயுள் முடியுமளவும் தக்க இடமும் தூய நீரும் அளித்து விரதம்போல் காப்பாராக. பிறர் கைவிடும் மீனையும் இயன்றால் ஏற்பாராக. மீன் காண விழையும் பேரக்குழந்தைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்வோம். அங்கே மீன் தோன்றும்வரை நாம் காத்திருத்தல் வேண்டும்; அப்பொறுமையையும் குழந்தைகள் கற்றுக்கொள்வர்.