கின்ஷாசாவின் மாலை இசை

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்ஷாசாவில் 1994-இல் கிம்பாங்கிஸ்ட் சிம்பொனி இசைக்குழு பிறந்தது. தொடங்கியவர் வேலை இழந்த விமானி அர்மான் டியாங்கியெண்டா. ஆரம்பத்தில் இருந்தவை சில வயலின்களே. ஒருவர் வாசித்து முடித்ததும் அடுத்தவர் வாங்கிக்கொள்வார். தந்தி அறுந்தால் சைக்கிள் பிரேக் கம்பி. கலைஞர்களில் பெரும்பாலோர் இசைப்பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். பகலெல்லாம் பிழைப்புக்காக உழைத்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் அந்த நகரில் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியையே வாசிக்கத் துணிந்தார்கள். வறுமை தீரட்டும், பிறகு பாடலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, பெரிது அதுதான். 2010-இல் வெளியான ‘கின்ஷாசா சிம்பொனி’ என்ற ஜெர்மன் ஆவணப்படம் அவர்களை வெளிநாட்டு ரசிகர்களிடம் கொண்டுசேர்த்தது.