வாசகரின் நேரம்

தீபாவளிக்கு முந்தைய வாரம் கம்பத்திலோ சின்னமனூரிலோ நூலகத்துக்குள் நுழைந்தால், நாளிதழ் மேசையில் முதல் பக்கம் முழுக்க ஜவுளியும் நகையும்தான். இரண்டு மூன்று பக்கம் புரட்டிய பிறகே செய்தி தட்டுப்படும். அந்த விளம்பரக் காசில்தான் பத்திரிகை சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. நூலகமும் வாங்கிப் போடுகிறது. அப்படியிருக்க, வாசகரை அழைக்க ஒரு பேஸ்புக் பக்கமோ யூடியூப் சேனலோ தொடங்கும்போது மட்டும் நூலகருக்கு ஏன் மனம் உறுத்த வேண்டும்?

உறுத்தத்தான் வேண்டும். மேசையில் கிடக்கும் விளம்பரத்துக்கு யார் தன்னைப் பார்க்கிறார் என்று தெரியாது. ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண்ணுக்கும் அது ஒரே பட்டுச்சேலையைத்தான் காட்டுகிறது. இணையத் தளங்களோ யார் எதைத் தேடினார், எதில் எவ்வளவு நேரம் நின்றார் என்று குறித்துவைத்து, ஆளுக்கேற்ற சரக்கை நீட்டுகின்றன. பாடம் தேடிப் போனவர் முன்னால் பண்டிகைத் தள்ளுபடியும், அதற்குத் தவணைக் கடனும் வந்து நிற்கும். யார் என்ன புத்தகம் எடுத்தார் என்பதை வெளியே சொல்லாதது நூலகத் தொழிலின் கண்ணியம். அமெரிக்க நூலகச் சங்கம் 1939-லேயே அதை நெறியாக எழுதிவைத்தது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது பற்றியது. அந்த நேரத்தைப் பிடித்துவைத்து விற்பதில்தான் இந்தத் தளங்களின் பிழைப்பே இருக்கிறது.

வியாபாரத்தைப் பழிப்பது நியாயமாகாது. பண்டிகைக்கு முன் சீலையம்பட்டி பூ மார்க்கெட்டில் மல்லிகை விலை ஏறினால்தான் பூ விவசாயி வீட்டிலும் பண்டிகை. ஆனால் நூலகம், சொத்து வரியோடு 10 சதவீதம் நூலக வரி கட்டி ஊரார் நடத்தும் இடம். எதையும் வாங்காமல் நாள் முழுக்க உட்கார்ந்திருக்க, கோயிலை விட்டால் ஊருக்குள் வேறு எத்தனை இடம் இருக்கிறது?

அதற்காக இணையக் கருவியே வேண்டாம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்கள், பொழுது சாய்ந்துதான் வீடு திரும்புகிறார்கள். அதற்குள் ஊர்ப்புற நூலகம் பூட்டியாகிவிடும். பொங்கலுக்குத் திருப்பூரிலிருந்து ஊர் வரும் பையனுக்கு லீவு கிடைக்கிற அன்றைக்கு நூலகத்துக்கும் லீவு. இவர்கள் கையில் இருப்பது போன் ஒன்றுதான். நூலகர் தன் மனச்சாட்சிக்குப் பயந்து ஒதுங்கினால் இழப்பு அவர்களுக்கு.

விளம்பரத்தை நம்பாத இணையமும் உண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். இந்தக் கம்பம் பள்ளத்தாக்குக்கும் காசை எதிர்பாராத அந்த மனசு பழக்கம்தான். 1895-ல் நிறைவடைந்த முல்லைப்பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாளான ஜனவரி 15 அன்று, பாலார்பட்டி மக்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். எந்தக் கடையும் சொல்லிக்கொடுத்து வந்த பண்டிகை இல்லை அது.

ஆகவே நூலகம் சேதி சொல்ல வாட்ஸ்அப் போதும். புத்தகம் மதுரைத் திட்டத்திலிருந்தோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலிருந்தோ நேரே இறங்கட்டும். ஆனால் வாட்ஸ்அப்பிலும் குழு தொடங்குவது சரியில்லை. குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரியும். நூலகப் புரவலராகச் சேர்ந்த கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். தீபாவளி நெருங்கும்போது அத்தனை எண்ணுக்கும் தள்ளுபடிச் சேதி அனுப்ப அவருக்கு ஆசை வராது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தோட்டத்துக்குப் போகும் பெண்ணின் எண் முன்பின் தெரியாதவர் கைக்குப் போவது அதைவிட மோசம். பிராட்காஸ்ட் லிஸ்டில் இந்தத் தொல்லை கிடையாது. ஆனால் சேதி போய்ச் சேர, ஒவ்வொருவரும் நூலகத்தின் எண்ணைத் தம் போனில் பதிந்திருக்க வேண்டும். அதைப் பொறுமையாகப் பதிந்துகொடுக்க, தனியாளாக நூலகத்தைத் திறந்து, பெருக்கி, பூட்டும் ஊழியருக்கு அவகாசம் ஏது? நூலக வரி வசூலாகும் ஊரில் அதற்கு இன்னோர் ஆள் கேட்பது அதிகப்படியான கோரிக்கை ஆகாது.