ஜூனில் கட்டணம், கார்த்திகையில் வருமானம்

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலை நம்பி இருப்பவர்கள் காசைக் கண்ணால் பார்க்கும் மாதங்கள் சில உண்டு. நவராத்திரிக்கு முன்னால் கொலு பொம்மை, கார்த்திகைக்கு முன்னால் அகல் விளக்கு. மழை பிடித்துக்கொண்டால் அச்சிலிருந்து எடுத்த உருப்படி காயாது. காயாததைச் சூளையில் ஏற்ற முடியாது. அந்த வாரம் கூலியும் இல்லை. பள்ளிக்கூடக் கட்டணம் இந்தக் கணக்கு எதையும் பார்க்காமல் ஜூனில் வந்து நிற்கும்.

என் தங்கையும் மாப்பிள்ளையும் மூன்றரை வயது மகளை எங்கே சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். ஊருக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் ஒரு புதுப் பள்ளி வந்திருக்கிறது. பெயரிலேயே ‘இன்டர்நேஷனல்’ இருக்கிறது. ஏசி வகுப்பறை, ஸ்மார்ட் போர்டு, நீச்சல் குளம் எல்லாம் உண்டு. ஆற்றில் தண்ணீர் ஓடுவதே அதிசயமாகிவிட்ட ஊரில் நீச்சல் குளம் ஒரு கவர்ச்சிதான், மறுக்கவில்லை.

மாப்பிள்ளை செய்வது பீங்கான் பியூஸ் கேரியர். ஒரு காலத்தில் மீட்டர் பெட்டி இருந்த வீட்டிலெல்லாம் அந்த வெள்ளைக் கட்டை இருந்தது. பியூஸ் போனால் கம்பி சுற்றிப் போடத் தெரிந்தவர் தெருவுக்கு ஒருவர் இருப்பார். எம்.சி.பி. சுவிட்ச் வந்த பிறகு புது வீடுகளில் அதற்கு இடமில்லை. “நான் செய்யிற சாமான் என் கண்ணு முன்னாடியே இல்லாமப் போயிட்டிருக்கு மச்சான். புள்ளைக்கு இங்கிலீஷாவது கையில இருக்கட்டும்” என்றார். ஆங்கில மோகம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள். இது பயம், அதுவும் நியாயமான பயம்.

ஆனால் பயத்தில் போடும் கணக்கு முதல் வருடத்தோடு நின்றுவிடுகிறது. கட்டணம், வேன், புத்தகம், சீருடை எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 85,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்கேஜி முதல் பிளஸ் டூ வரை 14 வருடம். கட்டணம் ஏறவே ஏறாது என்றாலும் 11,90,000 ரூபாய். வருடத்துக்குப் பத்து விழுக்காடு ஏறினால் 23 லட்சத்து 77 ஆயிரத்தைத் தாண்டும். பிளஸ் டூ வருடத்துக்கு மட்டும் ஏறத்தாழ 2,93,000 ரூபாய். நகையை அடகு வைத்து 85,000 கட்டிவிடலாம், சீட்டு எடுத்தும் கட்டலாம். அந்தக் கடைசி வருடத்தை எதை வைத்துக் கட்டுவது? அதுவும் கல்லூரிச் செலவு வாசலில் நிற்கும் நேரத்தில்.

தனியார் பள்ளிக் கட்டணத்தை நிர்ணயிக்க 2009இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு, அது நிர்ணயிக்கும் கட்டணம் மூன்று கல்வியாண்டுகளுக்கு. அதே ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது என்கிறது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். இருந்தும் எங்கள் ஊரில் மே மாதம் வந்தால் அப்பாமார் நகக்கண்ணில் ஒட்டிய வெள்ளை மாவைச் சுரண்டிவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையில் ‘இன்டர்வியூ’வுக்குக் கிளம்புகிறார்கள். இவர்களுக்கு இந்தச் சட்டத்தை யாரும் சொன்னதில்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவினருக்கான 25 விழுக்காடு இலவச இடம் இருக்கிறதே என்பார்கள். அதில் முன்னுரிமை ஒரு கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வசிக்கும் பிள்ளைகளுக்கு. பைபாஸ் பள்ளிக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பது பெரும்பாலும் முந்திரித் தோப்பு. தவிர, 2025இல் ஒன்றிய அரசிடமிருந்து பணம் வராத சிக்கலில் அந்தச் சேர்க்கையே அக்டோபரில்தான் தொடங்கியது. நான்கு மாதம் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்?

உண்மையில் பாதி முடிவு மூன்றரை வயதிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. அரசுப் பள்ளி ஐந்து வயதில், ஒன்றாம் வகுப்பில்தான் கதவைத் திறக்கும். அதற்குள் பிள்ளை இரண்டு வருடம் வேனில் போய் வந்திருக்கும், சிநேகிதிகள் சேர்ந்திருப்பார்கள், டை கட்டப் பழகியிருக்கும். அங்கிருந்து எடுத்து வந்து அரசுப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோருக்கு இறக்கமாகத் தெரியும். 2019இல் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்கேஜி, யூகேஜி தொடங்கியது இந்த ஓட்டையை அடைக்கத்தான். தமிழ்நாடு முழுமைக்கும் அது எந்த மூலைக்கு?

நான் அவர்களிடம் சொன்னது ஒன்றுதான்: எல்கேஜியைப் பற்றி இவ்வளவு யோசிக்கிறீர்கள், ஆறாம் வகுப்பைப் பற்றி யோசித்தீர்களா? மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டே பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. பெண் பிள்ளை கல்லூரி போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் தொடங்கியது. இவற்றுக்குப் பொதுவான நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிப் படிப்பு. ஒன்பதாம் வகுப்பில் கையில் காசில்லாமல் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் கட்டிய பணமும் போனது, இந்தச் சலுகைகளும் பொதுவாகக் கிடைக்காது. ஊரில் நான் பார்க்கும் மாற்றங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன: தொழில் படுத்த ஒரு வருடத்தில், நடுவகுப்பில், கட்டணப் பாக்கியோடு. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்த அவமானம் எத்தனை வருடம் நிற்கும் என்று எந்தக் குழுவும் நிர்ணயிக்காது.

புதுப் பள்ளி மோசம் என்று நான் சொல்லவில்லை. அங்கே படித்து வெளியே வந்த பிள்ளை இன்னும் ஒன்றுகூட இல்லை. அதனால் நல்லது என்றும் சொல்ல வழியில்லை. நீச்சல் குளத்தைப் பார்ப்பதற்குப் பதில், போன வருடம் இருந்த ஆசிரியர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். சம்பளம் சரியாக இல்லாத இடத்தில் டீச்சர் வருடத்துக்கு ஒருவராக மாறுவார். அப்படி மாறும் வகுப்பில் ஏசி எத்தனை டிகிரியில் ஓடினால் என்ன?

தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரிண்ணே. பக்கத்து வீட்டுப் பிள்ளை இங்கிலீஷ்ல பேசுறப்ப இவ முழிச்சிக்கிட்டு நிக்கணுமா?” என்றாள். இதற்கு என்னிடம் அரசாணை எதுவும் இல்லை. அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வந்து பத்து வருடத்துக்கு மேலாகியும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது என்றால், குறை கேட்பவளிடம் இல்லை.

இப்போதைக்கு அவர்கள் பார்த்திருப்பது நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஒரு சின்ன மெட்ரிக் பள்ளி. கட்டணம் புதுப் பள்ளியில் பாதிக்கும் குறைவு, மூன்று தவணையில் வாங்கிக்கொள்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு முடியும்போது மறுபடி உட்கார்ந்து பேசுவதாக ஏற்பாடு. அதற்குள் அரசுப் பெண்கள் பள்ளிக்கு ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகத் தங்கை சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளைக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. மூன்றாவது தவணையாவது கார்த்திகைக்குப் பிறகு வருகிறதே என்பதில் மட்டும் அவருக்குத் திருப்தி.